வாட்டம் விட்ட தரை

லிஃப்ட்காரர் வீட்டுக் கொல்லையில் தரை போட்ட நாளிலிருந்து, அங்கே போய் உட்காருகிறவர்களின் துக்கம் நாற்காலிக்கு அடியில் தண்ணீராக இறங்கி, ஓரத்து ஜாலியின், அதாவது வடிகால் மூடியின், ஓட்டைகள் வழியாக வடிந்து, பின்வீட்டுக் கால்வாயில் ஓடித் தெருச் சாக்கடையில் கலந்தது. தண்ணீர் அதிகமில்லை. சாதாரணக் கவலைக்கு ஒரு நூல் அளவு. வேலை போனவருக்கு ஒரு விரல் அகலம். நிறம் கிடையாது. நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் லேசாகக் கரித்தது என்றார்கள். தெருவில் இதை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். துக்கம் வடிகிறது என்பதை அவர்கள் நம்பிவிட்டார்கள். அதில் லிஃப்ட்காரருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதைத்தான் கடைசிவரை நம்பவில்லை.

தண்ணீர் தானாக எங்கும் போகாது, தரை சொன்னால்தான் போகும். நம் கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற குளியலறையும் மொட்டைமாடியும் உண்மையில் மட்டமானவை அல்ல. கொத்தனார் ஒரு மூலையை, பார்த்தால் தெரியாத, நடந்தாலும் தெரியாத அளவுக்குக் கொஞ்சம் தாழ்த்தியிருப்பார். பத்தடி நீளத்துக்கு ஓர் அங்குலம் இறங்கினால் போதும், ஊற்றின தண்ணீர் வழி கேட்காமல் அந்த மூலைக்குப் போய்ச் சேரும். கட்டட வேலையில் இந்தச் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். வாட்டம் விட்டாச்சா, வாட்டம் பத்தலை என்றெல்லாம் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள்ளே அதே சொல்லுக்கு வேறு பொருள். முகம் சோர்ந்து கிடந்தால், மனசில் ஏதோ இருந்துகொண்டு சாப்பாடு இறங்காவிட்டால், அதையும் வாட்டம் என்கிறோம். இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் வெகுகாலமாக ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் குடியிருந்தன. இந்தக் கொல்லையில்தான் இரண்டும் முட்டிக்கொண்டன.

அதற்கு முன்னால் அந்தக் கொல்லை ஒரு குப்பைக்கிடங்கு. லிஃப்ட்காரர் ஊரிலுள்ள அடுக்குமாடிகளின் லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பவர். கழற்றிக் கொண்டுவந்த கம்பிவடங்கள், கதவுகள், துருப்பிடித்த கப்பிகள் எல்லாம் அங்கேதான் விழுந்தன. அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள். இவர்களுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் கிடந்து இறந்துபோனாள். அவளுடைய சின்ன சைக்கிள் கொல்லையில் நின்றது. அதன் மேல் யாரும் எதையும் போடவில்லை, ஆனால் அதைச் சுற்றி எல்லாவற்றையும் போட்டார்கள். வருஷங்கள் போகப்போகச் சைக்கிள் கண்ணுக்கு மறைந்தது. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளும் இறுகிப்போனது.

ஒரு ஹோட்டலில் லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டு, அது ஏறி இறங்குவதைச் சோதிப்பதற்காகக் காத்திருந்தபோது, லிஃப்ட்காரர் அங்கே பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தார். வெட்டவெளியில் சோபா போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே மரச்சட்டங்கள், அவற்றில் கொடி, கொடிக்கு நடுவே மஞ்சள் விளக்குச்சரம். ஒருவன் காலை நீட்டிக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் இருந்தான். லிஃப்ட் பலமுறை ஏறி இறங்கி முடித்த பிறகும் லிஃப்ட்காரர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, கொல்லையைச் சுத்தம் பண்ணி அது மாதிரி உட்காரும் இடமாக மாற்றப்போவதாகச் சொன்னார்.

தெருவுக்கு முதல் சந்தேகம் அப்போதே வந்தது. சோபாவைக் கொண்டுபோய்க் கொல்லையில் போடுகிறவன் ஒன்று வீட்டை விற்கப்போகிறான், அல்லது எதையோ புதைக்கப்போகிறான். பின்வீட்டில் இருந்தவள் லிஃப்ட்காரரின் தங்கை. அப்பாவின் மனையை இரண்டாகப் பிரித்தபோது சரிவான பாதி அவளுக்கு வந்தது. அண்ணன் வீட்டுக் கழிவுநீர் அவள் பக்கமாகத்தான் இறங்கியாக வேண்டும். தையல் வகுப்பு நடத்துகிறவள். வாயைத் திறந்தால் ஊசிகூட சிரித்துவிடும் என்று பேர். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“ஏண்ணே, வர்றவங்கள என்னன்னு கூப்பிடுவ? வாங்க, கொல்லைக்குப் போகலாம்னா? பாதிப்பேரு சொம்பு எங்கன்னு கேப்பாங்க.”

மனைவி சிரிக்கவில்லை. அவளுடைய சந்தேகம் வேறு. சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் சைக்கிள் வரும். அது வரவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று அவள் நினைத்தாள். மகளைப் பற்றிய வலி அவளிடம் பத்திரமாக இருந்தது. அதைத் தவிர மகளிடமிருந்து மிச்சமாக வேறு எதுவும் தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மனுஷன் அதன்மேல் சோபா போடப் பார்க்கிறார். சைக்கிள் வெளிப்பட்ட அன்று அவர் அதைத் தூக்கிப்போடவில்லை. துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மதிலோரம் நிறுத்தினார். அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. யாரும் ஓட்டப்போகாத சைக்கிளுக்கு எதற்கு எண்ணெய்?

தரை போட வந்த மேஸ்திரிக்கு மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால் ஊரில் ரசமட்டம் என்று பட்டப்பெயர். மனிதர்களைக்கூட ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். எதிரே நிற்பவர் தானாக நிமிர்ந்துகொள்வார். தான் போட்ட தரையில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை. மட்டம் பார்க்க அவர் வைத்திருந்தது கண்ணாடிபோல உள்ளே தெரியும் ஒரு நீளமான குழாய்தான், வளையும் பிளாஸ்டிக்கில் செய்தது. அதில் தண்ணீரை நிரப்பி ஒரு முனையை ஒரு சுவரிலும் மறுமுனையை எதிர்ச்சுவரிலும் பிடித்தால், நடுவில் குழாய் எப்படி நெளிந்து கிடந்தாலும், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அங்கே கோடு போட்டுக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு இறக்க வேண்டுமோ அளந்து இறக்குவார். ஜாலிக்குக் கீழே ஒரு வளைந்த குழாயைப் புதைத்தார். அந்த வளைவில் மட்டும் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். மேலிருந்து வருவது அதைத் தள்ளிக்கொண்டு போகும். சாக்கடையிலிருந்து மேலேறி வரும் நாற்றம் அந்தத் தண்ணீரைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும்.

தவறு நடந்தது இங்கேதான். லிஃப்ட் வேலையில் மட்டம்தான் வேதவாக்கு. கூண்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு மயிரிழை பிசகினாலும் ஆள் தடுக்கி விழுவான். அதனால் லிஃப்ட்காரர் தரை லெவலாக இருக்க வேண்டும் என்றார். மேஸ்திரி ஒரு கண்ணை மூடினார்.

“வாட்டம் இல்லாம எப்படி சார் தரை போடுறது?”

லிஃப்ட்காரருக்கு அந்தச் சொல் வீட்டுப் பொருளில்தான் காதில் விழுந்தது. அவர் சமையலறை ஜன்னலைப் பார்த்தார், அதற்குப் பின்னால் நிற்கும் மனைவியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்த வீட்டுல இருக்கிற வாட்டம் போதாதா மேஸ்திரி? அது போறதுக்குத்தானே இதையே கட்டுறேன்.”

“போறதுக்குத்தானே?” என்று மேஸ்திரி கேட்டார். தன் தொழில்மேல் யாரோ சந்தேகப்பட்டது போல அவருக்குப் பட்டது. “ஒரு பொட்டு நிக்காது. எழுதி வெச்சுக்குங்க.”

ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு, இருவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். தரை அந்த ஒப்பந்தப்படியே அமைந்தது.

பிறகு வேலை வேகமாக நடந்தது. லிஃப்ட்காரர், கூண்டு ஏறி இறங்கும் பழைய தண்டவாளங்களை நட்டுத் தூண்களாக்கினார். மேலே மரச்சட்டங்களை ஓர் அடி இடைவெளியில் பரப்பினார். அப்படிப் பரப்பினால் உச்சிவெயில் கோடுகோடாக விழும், சாய்ந்த வெயிலைச் சட்டங்கள் பெரும்பாலும் மறித்துவிடும். கழற்றிய லிஃப்ட் கதவு மேஜையானது. கப்பிகளில் கம்பிவடத்தைக் கோத்து, இழுத்தால் விரியும் துணிக்கூரை ஒன்று செய்தார். பிரம்பு நாற்காலிகள், தொட்டிச்செடிகள், விளக்குச்சரம் எல்லாம் வந்தன. முதல் மாலை அவர் மட்டும் போய் உட்கார்ந்தார். சற்றுநேரத்தில் நாற்காலிக்கு அடியிலிருந்து ஈரம் புறப்பட்டு, டைல்ஸ் இடுக்குகளைத் தாண்டி, ஒழுங்காக ஜாலிக்குப் போனது. அவர் குறட்டை விட்டார். மகள் போனபிறகு அவர் குறட்டை விட்டு மனைவி கேட்டதில்லை. அவளுக்கு அந்தச் சத்தமும் சந்தேகமாக இருந்தது.

குழாய் கசிவாக இருக்கும் என்று முதலில் தண்ணீர்த் தொட்டியை மூடிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. நாற்காலியை மாற்றிப் போட்டார்கள். ஈரமும் மாறி வந்தது. ஆளை எழுப்பிவிட்டால் நின்றது. குடிநீர் அலுவலகத்துக்கு யாரோ புகார் சொல்லி, திருட்டு இணைப்பைப் பிடிக்க ஓர் அதிகாரி வந்தார். மோப்பம் பிடிப்பதுபோல மூலைமூலையாகக் குனிந்து பார்த்தார். விசாரிப்பதற்காக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு ஓடியது. எழுந்தவர், தன் மனைவியின் பெயரையோ வேறு யார் பெயரையோ மெதுவாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு வாரந்தோறும் வந்தார். எதிர்வீட்டார் வந்தார்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வந்தார்கள். சொம்பு விஷயத்தை மறந்துவிட்டு எல்லாரும் ‘கொல்லைக்குப் போயிட்டு வரோம்’ என்றே சொல்லிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட்காரர் தேநீர் கொடுத்தார். இலவசமாகக் கொடுப்பதால் அதில் ஏதோ கலக்கிறார் என்று கொஞ்சநாள் பேச்சு இருந்தது.

வராதது மனைவி மட்டும்தான். மகள் இறந்த தேதி வந்தபோது லிஃப்ட்காரர் காலையில் எழுந்து, சவரம் செய்துகொண்டே ஏதோ முணுமுணுத்தார். பாட்டு மாதிரி இருந்தது.

“இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

அவருக்குத் தெரியத்தான் தெரிந்தது. தேதி இருந்தது, அதன் எடை இல்லை. அன்று அவள் முடிவு செய்துகொண்டாள்: எது நடந்தாலும் அந்தத் தரையில் உட்காருவதில்லை. துணி உலர்த்தப் போனாலும் நின்றபடியே உலர்த்திவிட்டு வந்தாள். இப்படியே இரண்டு கோடை போயிற்று. மூன்றாவது கோடையில் ஒருநாள் கடையிலிருந்து திரும்பியவள், துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது செருப்பு வார் அறுந்தது. தடுமாறினாள். பக்கத்தில் இருந்தது நாற்காலி. வாரைச் சரிசெய்கிற நேரம்தானே என்று நுனியில் உட்கார்ந்தாள்.

ஜாலி மூடி எகிறி விழுந்த சத்தம் தெருமுனைவரை கேட்டதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் கணுக்காலளவு போனது. சைக்கிளின் சக்கரங்கள் பாதி நனைந்தன. அவள் எழுந்திருக்க நினைத்தாள், தூங்கிவிட்டாள். விழித்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. மகளை நினைத்துப் பார்த்தாள். முகம் வந்தது, சீருடை வந்தது, முன்பல் விழுந்த சிரிப்பு வந்தது. எல்லாம் இருந்தன, மூன்று வீடு தள்ளியிருக்கும் யாரோ ஒரு குழந்தையை நினைப்பதுபோல இருந்தன. அதற்காக அழலாம் என்று பார்த்தாள். அழுகைகூட வரவில்லை. தன்னிடமிருந்து எதையோ திருடிவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. திருடனின் வீடு எங்கே என்று தேடுகிறவள்போல, தண்ணீர் போன வழியைப் பார்த்தாள். அது மதிலுக்கு அடியில் புகுந்து நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தது.

நாத்தனார் அந்தத் தண்ணீரை வீணாக்கவில்லை. கால்வாயின் நடுவே ரகசியமாகக் குழி வெட்டி, தண்ணீரைத் தேக்கித் தக்காளிச் செடிகளுக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். தெருக்காரர்களின் சில்லறைக் கவலைகளில் தக்காளி நன்றாகவே காய்த்தது. அதைச் சமைத்துச் சாப்பிட்ட அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவ்வப்போது காரணமில்லாமல் பெருமூச்சு வரும், அவ்வளவுதான். மனைவி உட்கார்ந்த மறுவாரத்துத் தக்காளி அப்படியல்ல. தையல் வகுப்பு நின்றது. மெஷினின் முன்னால் உட்கார்ந்து, மிதிக்காமல் அழுதாள். அண்ணி ஏதோ செய்து மதில் வழியாக விட்டுவிட்டாள் என்று வகுப்புப் பெண்களிடம் சொன்னாள். திருடியது நாத்தனார் என்று அண்ணியும், ஏவிவிட்டது அண்ணி என்று நாத்தனாரும் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு மாலை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மதிலுக்கு வந்தார்கள்.

“என்ன அண்ணி கலந்து விட்டீங்க தண்ணியில?”

“நீ ஏன் என் வீட்டுத் தண்ணிய மறிச்ச?”

“உங்க வீட்டுச் சாக்கடைய நான் மறிச்சேன்னு கேஸ் போடுங்க, போங்க. எனக்குத் தூக்கம் போச்சு. கண்ண மூடினா ஆஸ்பத்திரி. ஒங்க கண்ணாடிய வாங்கி அவ மாட்டிக்கிட்டு, ‘அம்மா, நீ எல்லாத்தையும் தண்ணிக்குள்ள இருந்துதான் பாக்கிறியா’ன்னு கேக்குறா. திரும்பத் திரும்பக் கேக்குறா. நான் என்ன பதில் சொல்ல?”

மனைவி மதிலைப் பிடித்துக்கொண்டாள். அந்த அறையில் அப்போது மகளும் அவளும் மட்டும்தான் இருந்தார்கள். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது: நாத்தனார் சொல்லக் கேட்கும்போது, அது அவளுக்கே புதிய செய்தியாக இருந்தது.

“அது என்னோடது” என்றாள். “திருப்பிக் குடு.”

“எடுத்துக்கங்க. நானா வேணாங்குறேன்?”

எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி. மனைவி அந்தத் தக்காளியைத் தின்று பார்த்தாள்; அது அவளுக்குள் இறங்கியது, நாற்காலியே இல்லாமல் உள்ளங்கால் வழியாகத் தரைக்குப் போய்விட்டது. ஒருமுறை வடிந்தவள் வடிந்துகொண்டே இருந்தாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். மேஸ்திரி தரையை ஒரு கண்ணால் பார்த்தார், குறை ஒன்றும் காணவில்லை. அவளுடைய நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்ய வேண்டும் என்றதும், கரண்டியைப் பைக்குள் வைத்துவிட்டார்.

“என் தரையில தண்ணி நின்னா, நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? வேற ஆளைப் பாருங்க.”

“ஜாலிக்குக் கீழ வளைவு வெச்சீங்களே, அதுல தண்ணி நிக்குதா இல்லையா?”

“அது நிக்கணும்மா. அது காஞ்சுபோனா சாக்கடை நாத்தம் மொத்தமும் வீட்டுக்குள்ள வந்துரும்.”

“எனக்குக் காஞ்சுபோச்சு மேஸ்திரி.”

மேஸ்திரி முதன்முறையாக இரண்டு கண்ணையும் திறந்து அவளைப் பார்த்தார் என்பார்கள். யார் வீட்டிலும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஒரு டைல்ஸைப் பெயர்த்தார். எவ்வளவு ஆழம் என்பதில் சண்டை வந்தது. அவர் உள்ளங்கையளவு என்றார், அவள் ஒப்பவில்லை. கடையில் கிட்டப்பார்வைக்குத் தேய்க்கிற வில்லை நடுவில் மெலிந்து ஓரம் போகப்போகத் தடிக்கும். அதற்குக் குழிவில்லை என்று பெயர். அவளே ஈரச் சிமெண்ட்டில் முழங்காலிட்டு, கட்டைவிரலால் சுழற்றிச் சுழற்றி, தன் மூக்குக்கண்ணாடியின் வளைவை அப்படியே பெரிதாக்கின மாதிரி ஒரு குழியைத் தேய்த்தெடுத்தாள். உலர்ந்த பிறகு நாத்தனாரை வரச்சொன்னாள். மேட்டுப்பக்கம் நாத்தனார் நாற்காலி, அடுத்து குழி, அதற்கப்புறம் ஜாலி. மேலேயிருந்து வருவது குழியில் நின்றுதான் ஆக வேண்டும். மிச்சம்தான் வழிந்துபோகும்.

நாத்தனார் வந்தாள், ஆனால் உட்காரவில்லை. அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

“உக்காந்தா உங்களோடது மட்டும் போகுமா? என்னோடதும் சேந்து போயிட்டா?”

“இதுல உன்னோடது என்ன இருக்கு?”

கேட்ட பிறகு மனைவிக்குக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. நாத்தனார் மதிலோரம் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் அத்தை இல்லையா அண்ணி? அவ என் மருமக. அவ போட்டிருந்த கவுனெல்லாம் யாரு தெச்சது? ஒருத்தராவது என்னை வந்து கேட்டீங்களா? நான்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தேன்னு விட்டுட்டீங்க.”

மனைவி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னோடது எதுவோ அது வரும்போது எழுந்துவிடு என்றாள். நாத்தனார் உட்கார்ந்தாள். தண்ணீர் புறப்பட்டு, டைல்ஸ்களை ஒவ்வொன்றாகக் கடந்து, குழிக்கு வந்து, நின்றது. மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குழி நிறைந்து விளிம்பு தொட்டபோது நாத்தனார் சட்டென்று எழுந்தாள். “இவ்வளவுதான். மீதி என்னோடது” என்றாள். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, வலதுகாலைக் குழியில் வைத்தாள். ஆஸ்பத்திரி அறை திரும்பி வந்தது. கண்ணாடி மாட்டிய சின்ன முகம் வந்தது, கேள்வியும் வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். “ஆமாடி, தண்ணிக்குள்ள இருந்துதான்” என்றாள்.

அந்தக் குழி அதன்பிறகு எந்தக் கோடையிலும் வற்றவில்லை, எந்த மழையிலும் வழியவில்லை. மனைவி கடை விட்டு வந்ததும் நேராகக் கொல்லைக்குப் போய், தேநீர் ஆறும்வரை அதில் காலை வைத்துக்கொண்டு இருப்பாள். மற்ற கவலைகள் பக்கத்தில் வடிந்துபோகும், அது மட்டும் நிற்கும். பல வருஷம் கழித்து மேஸ்திரி புதிய வாடிக்கையாளர்களை அழைத்து வந்து இந்தத் தரையைத்தான் காட்டினார். காட்டும்போது குழியை மறைத்தபடி நின்றுகொள்வார், பேண்ட்டின் ஒரு கால் எப்போதும் நனைந்திருக்கும். தக்காளிக்கு நாத்தனார் குழாய்த் தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டாள். சைக்கிள் சங்கிலிக்கு யார் எண்ணெய் விடுகிறார்கள் என்பதில் மட்டும் தெருவுக்கு இன்னமும் சந்தேகம் உண்டு; அண்ணன் என்பார்கள், அண்ணி என்பார்கள், நாத்தனார்தான் என்பவர்களும் இருக்கிறார்கள்.

முதன்முறை வருகிறவர்கள் யாராவது, தரையைக் குனிந்து பார்த்துவிட்டு, “சார், இங்க மட்டும் தண்ணி நிக்குதே, வாட்டம் சரியில்லையோ?” என்று கேட்பதுண்டு.

“ஆமா, நிக்குது” என்பார் லிஃப்ட்காரர். “நீங்க அந்த நாற்காலில உக்காருங்க.” சொல்லிவிட்டுத் தேநீரை நகர்த்தி வைப்பார்.